அடுத்தவர் கிளாஸில் நம் மெத்தட்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்குப் பில் போடும் மென்பொருள் எழுதுகிறவர் யாராக இருந்தாலும், ஐந்து சென் கணக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் ரொக்கமாகக் கட்டும் மொத்தத் தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டுகிறார்கள். 23 ரிங்கிட் 47 சென் என்றால் 23.45. அதே 48 சென் என்றால் 23.50. தொகையை இருபதால் பெருக்கி, அருகிலுள்ள முழு எண்ணாக்கி, மறுபடி இருபதால் வகுத்தால் விடை வந்துவிடும்.

கணக்கு எளிது. அதை எங்கே எழுதி வைப்பது என்பதுதான் கேள்வி. சி ஷார்ப் என்ற நிரல்மொழியில் பணத்துக்கு டெசிமல் என்ற வகையைப் பயன்படுத்துவோம். அதை எழுதியது மைக்ரோசாஃப்ட். அதன் நிரலைத் திறந்து உள்ளே ஒரு மெத்தட், அதாவது அந்த வகையின் மதிப்பிடம் கேட்டுப் பெறும் ஒரு வேலை, சேர்க்க நம்மால் முடியாது. அதன் குணங்களை வாங்கிக்கொண்டு மேலும் விரியும் சப்கிளாஸ் எடுக்கவும் மொழி விடாது. ஜாவா மொழியில் எழுத்துத் தொடரைத் தாங்கும் ஸ்டிரிங்கும் அப்படித்தான், ஃபைனல் என்று பூட்டியிருக்கிறது. பூட்டு இல்லாத கிளாஸாகவே (தரவையும் அதன் மெத்தட்களையும் சேர்த்து வைக்கும் வகை) இருந்தாலும் சப்கிளாஸ் பெரிதாக உதவாது. டேட்டாபேஸிலிருந்து வருவதும், வேறொருவரின் லைப்ரரி, அதாவது அவர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு, திருப்பித் தருவதும் பழைய கிளாஸின் ஆப்ஜெக்டாகவே வரும். நாம் ஆசையாக எழுதிய சப்கிளாஸை அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே எல்லோரும் முதலில் செய்வது, தனியாக ஓர் உதவிக் கிளாஸ் வைத்து, பணஉதவி.ஐந்துசென்(தொகை) என்று அழைப்பது. ஜாவாக்காரர்கள் இப்படியே பல்லாண்டு ஓட்டியிருக்கிறார்கள். அப்பாச்சி காமன்ஸின் ஸ்டிரிங்யூட்டில்ஸைப் பார்க்காத ஜாவா நிரலர் அபூர்வம். வேலை நடக்கும், ஆனாலும் கை தொகை.ஐந்துசென்() என்று எழுதத்தான் போகும். வெறும் அழகுக்காக அல்ல. உதவி மெத்தட்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால், கடைசியில் நடப்பது வரியின் தொடக்கத்தில் நிற்கும், முதலில் நடப்பது நடுவில் புதைந்திருக்கும். புள்ளி வைத்து எழுதினால் பில்களை எடு, இன்றையதை வடிகட்டு, கூட்டு, சரிக்கட்டு என்று நடக்கும் வரிசையிலேயே படிக்கலாம். இன்னொன்றும் உண்டு: புள்ளி வைத்தவுடன் எடிட்டர் ஒரு பட்டியல் காட்டும். குழுவுக்குப் புதிதாக வந்தவர் பணஉதவி என்றொரு கிளாஸ் இருப்பதை யாராவது சொன்னால்தான் அறிவார். பட்டியலில் ஐந்துசென் இருந்தால் தானாகவே கண்டுகொள்வார்.

இந்த ஆசையைப் பல மொழிகள் நிறைவேற்றுகின்றன. எழுதிய வரியைப் பார்த்தால் எல்லா மொழியிலும் ஒரே மாதிரிதான் தெரியும். அடியில் நடப்பது இரண்டு வேறு வேலைகள். ஒரு கூட்டம் கிளாஸை உண்மையிலேயே மாற்றுகிறது. மற்றது மாற்றியது போலக் காட்டுகிறது. இந்த வித்தியாசம் மனதில் பதியாமல் எழுதப்பட்ட நிரல்தான் பிறகு பாடாய்ப் படுத்தும்.

உண்மையில் மாற்றுவது பழைய வழி. ஸ்மால்டாக்கில் எந்தக் கிளாஸும் மூடியதல்ல, யார் வேண்டுமானாலும் மெத்தட் சேர்க்கலாம். அந்தப் பழக்கத்தை அப்ஜெக்டிவ்-சி 'கேட்டகரி' என்ற பெயரில் எடுத்துக்கொண்டது. ரூபியில் இன்னும் எளிது: இருக்கிற கிளாஸின் பெயரையே மறுபடி எழுதி, உள்ளே மெத்தட் போட்டால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் அந்தக் கிளாஸே மாறிவிடும். எண் 2 என்பதன் பின்னால் புள்ளி வைத்து 'டேஸ்', இன்னொரு புள்ளி வைத்து 'அகோ' என்று எழுதினால் இரண்டு நாளுக்கு முந்தைய நேரம் கிடைக்கும், ரூபியில் இணையதளம் எழுத உதவும் ரெயில்ஸின் வித்தை இப்படி வந்ததுதான். ரூபியின் எண்ணுக்கு நாள், வாரம் எதுவும் தெரியாது. ரெயில்ஸின் ஆக்டிவ்சப்போர்ட் லைப்ரரி சொல்லிக்கொடுத்தது.

இதில் மாற்றம் நம் கோப்போடு நிற்பதில்லை. அதே நிரலுக்குள் ஓடும் எல்லாருடைய நிரலுக்கும் அந்தக் கிளாஸ் மாறிப்போகிறது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் அஞ்சடியில் ஒருவர் தன் சாமானை அடுக்கி வைப்பது போன்றது இது. நடைவழி எல்லோருக்கும் பொது, ஆனால் அடுக்குகிறவர் தன் வாசலை மட்டுமே பார்க்கிறார். இரண்டு லைப்ரரிகள் ஒரே பெயரில் ஐந்துசென் மெத்தட் சேர்த்து, ஒன்று ஒற்றை விலைக்கும் மற்றது மொத்தத்துக்கும் எழுதப்பட்டிருந்தால், ரூபியில் கடைசியாக லோடான லைப்ரரி வெல்லும். அப்ஜெக்டிவ்-சியில் அந்த உறுதிகூடக் கிடையாது. இரண்டு கேட்டகரிகளில் ஒரே பெயர் இருந்தால் எது ஓடும் என்பது வரையறுக்கப்படவில்லை என்று ஆப்பிளின் ஆவணமே எழுதியிருக்கிறது. அதனால்தான் பெயருக்கு முன்னால் நிறுவனத்தின் சுருக்கெழுத்தைப் போட்டு அடிக்கோடு இழுக்கும் வழக்கம் அங்கே வந்தது. பார்க்க அசிங்கம், ஆனால் அவசியம். அதே மொழியில் இன்னொரு பழைய தொல்லையும் உண்டு: கேட்டகரியை ஸ்டாட்டிக் லைப்ரரிக்குள் வைத்தால், நிரல் துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கருக்குத் தனியாக ஒரு கொடி கொடுக்காவிட்டால் மெத்தட் வந்து சேராது. கம்பைல் ஆகும், அதாவது இயந்திர மொழிக்கு மாற்றுவது தடையின்றி முடியும், ஓடும்போது விழும்.

இந்தக் கூட்டத்தில் உலகமே வேடிக்கை பார்த்த சம்பவம் ஜாவாஸ்கிரிப்ட்டில் நடந்தது. மூடூல்ஸ் என்ற லைப்ரரி ஒரு காலத்தில் பல தளங்களில் இருந்தது. அது பிரவுசரின் சொந்த அரே என்ற பட்டியல் வகையிலேயே 'ஃபிளாட்டன்' என்ற மெத்தடைச் சேர்த்திருந்தது. அரேக்குள் அரே இருந்தால் தட்டையாக்கித் தருவது அதன் வேலை. பிறகு மொழியின் தரத்தை வகுக்கும் குழுவே அதே பெயரில், ஏறக்குறைய அதே வேலைக்கு ஒரு மெத்தடைக் கொண்டுவர முடிவு செய்தது. 2018 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பு அதைச் சேர்த்தவுடன், மூடூல்ஸை நம்பியிருந்த தளம் உடைந்தது.

மூடூல்ஸ் தன் ஃபிளாட்டனை எப்படியும் மேலே எழுதிவிடுமே, ஏன் உடைய வேண்டும் என்று கேட்கத் தோன்றும். விடை நுணுக்கமானது. மூடூல்ஸ் அரேயில் சேர்த்த மெத்தட்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, தன்னுடைய 'எலிமெண்ட்ஸ்' என்ற வேறொரு வகைக்கும் நகலெடுத்துக்கொள்ளும். சாதாரணமாக ஒதுக்கிச் சேர்த்த மெத்தட் எண்ணும்போது தென்படும். பிரவுசரின் சொந்த மெத்தட்களோ எண்ணும்போது தென்படாதபடி குறிக்கப்பட்டவை. அப்படியொன்றின்மேல் புதிய மதிப்பை எழுதினால் மதிப்பு மாறும், அந்தத் 'தென்படாது' என்ற குறி மாறாது. ஆகவே பிரவுசர் ஃபிளாட்டனைக் கொண்டுவந்த மறுகணம், மூடூல்ஸின் ஃபிளாட்டன் அரேயில் ஒழுங்காக இருந்தும் எலிமெண்ட்ஸுக்குப் போய்ச் சேரவில்லை. அங்கே அதை அழைத்த நிரல் விழுந்தது. மெத்தடின் வேலை சரி, பெயர் சரி, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி போதும், தளத்தைச் சாய்க்க.

'ஸ்மூஷ்' என்று பெயரை மாற்றிவிடலாம் என்று பாதி விளையாட்டாக ஒரு யோசனை வந்து, பெரும் ரகளையாகி, மே மாதம் 'ஃபிளாட்' என்ற பெயரில் முடிந்தது. 2019 பதிப்பில் அது மொழிக்குள் வந்தது. இதற்கு முன்பும் 'கன்டெயின்ஸ்' என்று வைக்க நினைத்த மெத்தட் மூடூல்ஸோடு மோதி 'இன்க்ளூட்ஸ்' ஆனது. ஒரு லைப்ரரியின் ஆசிரியர்கள் தங்களுடையதல்லாத கிளாஸில் வைத்த இரண்டு பெயர்கள், ஒரு மொழியின் சொல்தொகுதியையே நிரந்தரமாக வளைத்துவிட்டன. மூடூல்ஸைக் குறை சொல்லத் தோன்றவில்லை. அதை எழுதிய நாட்களில் பிரவுசரில் எதுவுமே இல்லை, தாங்களாகச் சேர்த்துக்கொள்ளாமல் வேலை நடந்திருக்காது.

இரண்டாம் கூட்டத்துக்கு வருவோம். சி ஷார்ப் 3.0, 2007 நவம்பரில், எக்ஸ்டென்ஷன் மெத்தட் என்ற வசதியோடு வந்தது. எழுதுவது தொகை.ஐந்துசென்() என்றுதான். கம்பைலர் அதைப் பணஉதவி.ஐந்துசென்(தொகை) என்று மாற்றி எழுதிக்கொள்கிறது, அவ்வளவே. டெசிமல் வகையை யாரும் தொடவில்லை. அதன் உள்ளே இருக்கும் பிரைவேட் விவரங்கள் நமக்குத் தெரியவும் தெரியாது. பணஉதவி இருக்கும் நேம்ஸ்பேஸை (பெயர்த்தொகுதி) இறக்கிக்கொள்ளாத கோப்பில் இந்த மெத்தடே இல்லை.

இந்த வசதி பிறந்த காரணம் சுவையானது. லிங்க் என்ற தேடல் வசதிக்கு வடிகட்டுவது, மாற்றுவது போன்ற மெத்தட்கள் எல்லாத் தொகுப்புகளிலும் வேண்டியிருந்தது. தொகுப்புகளின் பொதுவான இன்டர்ஃபேஸில், அதாவது என்னென்ன மெத்தட் இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தில், அவற்றைச் சேர்த்திருந்தால், அதை அமல்படுத்தி உலகெங்கும் எழுதப்பட்ட ஒவ்வொரு கிளாஸும் மறுநாள் கம்பைல் ஆகாமல் நின்றிருக்கும். சொந்தக்காரராகிய மைக்ரோசாஃப்ட்டுக்கே தன் இன்டர்ஃபேஸில் கை வைக்க முடியாத நிலை. அதனால் வெளியே எழுதி, உள்ளே இருப்பது போல் காட்டினார்கள். இதே முட்டுக்கட்டை ஜாவாவுக்கும் வந்தது. 2014 மார்ச்சில் வெளியான ஜாவா 8, இன்டர்ஃபேஸுக்குள்ளேயே உடலோடு மெத்தட் எழுத அனுமதித்து வேறு வழியில் போனது. ஆனால் அது சொந்தக்காரருக்கு மட்டுமான சலுகை, நமக்கு ஸ்டிரிங்யூட்டில்ஸ்தான் மிச்சம்.

காட்டுவது மட்டுமே என்பதால் சில எதிர்பார்ப்புகள் பொய்க்கும். மெனுப்பொருள் என்று ஒரு கிளாஸ், அதன் சப்கிளாஸாகப் பானம் இருக்கட்டும். இரண்டுக்கும் சீட்டுவரி() என்று தனித்தனி எக்ஸ்டென்ஷன் எழுதி, பில்லில் உள்ள மெனுப்பொருள் பட்டியலைச் சுற்றிவந்து ஒவ்வொன்றிலும் சீட்டுவரி() அழைத்தால், தே தாரிக்குக்கும் பொதுவான மெனுப்பொருள் வரியே அச்சாகும். ஆப்ஜெக்ட் உண்மையில் பானம்தான். கம்பைலருக்குத் தெரிந்ததோ அந்த மாறியின் அறிவிக்கப்பட்ட வகை மட்டும். ஆப்ஜெக்டைப் பார்த்து மெத்தடைத் தேர்வது கிளாஸுக்குள் பிறந்த மெத்தடுக்கே உரிய குணம். ஆண்ட்ராய்டு செயலிகள் எழுதப் பயன்படும் கோட்லின் மொழியிலும் இதே கதை. இன்னொரு விநோதம்: சி ஷார்ப்பில் 'நல்' என்ற வெறுமை மதிப்பின்மேல் எக்ஸ்டென்ஷனை அழைத்தால் அழைத்த இடத்தில் விழாது. வெறும் வாதமாக உள்ளே போய்விடும். 'காலியா' என்று கேட்கும் மெத்தட் எழுத இது வசதி, வேறு இடத்தில் குழப்பம்.

இரண்டாம் கூட்டம் பாதுகாப்பானது என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். பாதி உண்மை. பெயர் மோதும்போது இந்த மொழிகள் வைத்திருக்கும் விதி, கிளாஸின் சொந்த மெத்தடே எப்போதும் வெல்லும் என்பது. நாம் எழுதும் நாளில் சொந்த மெத்தட் இல்லை. சொந்தக்காரர் நாளை சேர்த்தால்?

கோட்லினில் அந்த நாளை வந்தேவிட்டது. மாற்றக்கூடிய பட்டியலின் முதல் உறுப்பை எடுத்துவிட 'ரிமூவ்ஃபர்ஸ்ட்' என்ற எக்ஸ்டென்ஷன் கோட்லினில் ஏற்கெனவே உண்டு. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21, பட்டியலுக்குச் சொந்தமாகவே அதே பெயரில் ஒரு மெத்தடைக் கொடுத்தது. ஆண்ட்ராய்டு 15 அதை எடுத்துக்கொண்டது. இப்போது ஒருவர் தன் செயலியின் நிரலில் ஒரு எழுத்தையும் மாற்றாமல், கம்பைல் செய்யும் எஸ்டிகேயை (ஆண்ட்ராய்டின் கருவித் தொகுப்பு) மட்டும் ஆண்ட்ராய்டு 15க்குரிய 35க்கு உயர்த்துகிறார். கம்பைலர் பார்க்கிறது, சொந்த மெத்தட் இருக்கிறது, விதிப்படி அதைத் தேர்கிறது. புதிய போனில் சோதித்தால் எல்லாம் சரி. கல்லாவில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அந்தச் சொந்த மெத்தட் கிடையாது. ஆர்டர் வரிசையிலிருந்து முதல் ஆர்டரை எடுக்கும் வரியில் செயலி 'அப்படியொரு மெத்தட் இல்லை' என்று சாகிறது. ஆண்ட்ராய்டு 15க்கான மாற்றங்களின் ஆவணத்தில் கூகுளே இதை எச்சரித்து, பூஜ்ஜியமாவது இடத்தில் இருப்பதை நீக்கு என்று எழுதும் பழைய வழிக்கு மாறச் சொல்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, தவறு செய்தவர் என்று யாரும் இல்லாததுதான். கோட்லின் நல்ல வசதி கொடுத்தது, ஜாவா நெடுநாள் குறையைத் தீர்த்தது, ஆண்ட்ராய்டு ஜாவாவைப் பின்பற்றியது, நிரலர் எஸ்டிகேயை உயர்த்தினார். 'சொந்த மெத்தட் வெல்லும்' என்ற நியாயமான விதி ஓசையில்லாமல் வேலை செய்தது. ஓசை வந்திருந்தால் நல்லது. சி ஷார்ப்பில் 2021இல் டாட்நெட் 6 'டிஸ்டிங்க்ட்பை', 'மின்பை' போன்றவற்றைச் சேர்த்தபோது, அதே பெயர்களை நெடுநாளாக வைத்திருந்த மோர்லிங்க் லைப்ரரியோடு மோதல் வந்தது. அங்கே இரண்டுமே எக்ஸ்டென்ஷன்கள், எதற்கும் முன்னுரிமை இல்லை, ஆகவே எது வேண்டும் என்று தெரியவில்லை எனக் கம்பைலர் நின்றுவிட்டது. அன்றைக்கு எரிச்சலாக இருந்திருக்கும். ஆனால் கடைக்காரர் கையில் விழாமல் நிரலர் மேசையிலேயே விழுந்தது.

யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை மொழியே கேட்கும் ஏற்பாடுகளும் உண்டு. ரஸ்ட்டில் வெளி மெத்தட்களை டிரெய்ட் என்ற மெத்தட் தொகுதிக்குள் வைத்து, வேண்டிய கோப்பில் பெயர் சொல்லி இறக்கிக்கொள்ள வேண்டும். பிறர் டிரெய்ட்டைப் பிறர் வகைக்கு அமல்படுத்த ரஸ்ட் விடாது. ரூபியும் 'ரிஃபைன்மெண்ட்' என்று கோப்பளவில் மட்டும் செல்லுபடியாகும் திருத்தத்தை 2013இல் 2.0 பதிப்பில் சோதனையாகக் கொண்டுவந்தது. நல்ல யோசனைதான், ஆனால் ரெயில்ஸ் பழகிய கைகள் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை.

தமிழில் எழுதும் நமக்கு இந்த வசதி எங்கே நிஜமாகவே வேண்டும் என்றால், எழுத்து எண்ணுவதைச் சொல்வேன். 'மலேசியா' நான்கு எழுத்து. ஜாவா, சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் நீளம் கேட்டால் 7 என்று சொல்லும், இரட்டைக்கொம்பு, மேல்விலங்கு, துணைக்கால் எல்லாவற்றையும் தனித்தனியாக எண்ணி. ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியோ எழுத்தையும் அதன் குறியையும் சேர்த்து ஒரே அலகாகப் பார்த்து 4 என்கிறது. பில் தாளில் பொருளின் பெயரை இருபது எழுத்துக்கு வெட்ட வேண்டுமானால் 7 என்ற கணக்கு ஆகாது. உயிர்மெய்யை நடுவில் அறுத்து, குறி மட்டும் அடுத்த வரியில் தொங்கும். ஆகவே ஸ்டிரிங்குக்கு எழுத்தெண்ணிக்கை(), எழுத்துக்குவெட்டு(20) என்று இரண்டு மெத்தட் சேர்ப்பது அருமையான இடம். எந்த ஸ்டிரிங்குக்கும் பொருந்தும், உள்விவரம் வேண்டாம், சொந்தக்காரர் தமிழில் பெயர் வைத்து மோத வரமாட்டார். ஆனால் இதே உற்சாகத்தில் ஜாவாஸ்கிரிப்ட்டில் ஸ்டிரிங்கின் பழைய வெட்டும் மெத்தடையே மாற்றி எழுதினால், 7 என்ற கணக்கை நம்பி எழுதப்பட்ட மற்ற எல்லா லைப்ரரியும் தடுமாறும். புதிதாகச் சேர்ப்பதும் இருப்பதைத் திருத்துவதும் ஒரே வாசலில் நுழைகின்றன, ஒரே காரியம் இல்லை.

ஐந்துசென்னை டெசிமலில் சேர்ப்பது, என் பார்வையில், அவ்வளவு நல்ல இடம் இல்லை. சேர்த்த கணமே தக்காளியின் எடை, 6 விழுக்காடு சேவை வரி, வரைபடத்தின் அகலாங்கு என்று எந்த டெசிமலின் பின்னால் புள்ளி வைத்தாலும் அது எட்டிப் பார்க்கும். சரிக்கட்டுவதோ மொத்தத்துக்கு மட்டும், அதுவும் ரொக்கத்துக்கு மட்டும். அட்டையில் கட்டினால் கிடையாது. அந்த நிபந்தனையை டெசிமலால் சொல்ல முடியாது. ரொக்கத்தொகை என்று சிறிய சொந்த வகை ஒன்று எழுதி அதற்குள் வைத்தால், எக்ஸ்டென்ஷனே தேவைப்படாது.

அடையாள அட்டை எண்ணும் இதே ரகம். மைகார்டின் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். ஸ்டிரிங்கில் பிறந்தநாள்() என்று ஒரு எக்ஸ்டென்ஷன் எழுத யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் ஆண்டுக்கு இரண்டே இலக்கம்தான். 25 என்பது பாட்டியா பேரனா என்ற கேள்வியை யாரோ எங்கோ முடிவு செய்தாக வேண்டும், அது ஸ்டிரிங்கின் முதுகில் ஏற்ற வேண்டிய முடிவு இல்லை. பெயரிலிருந்து 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) பிரித்துத் தகப்பன் பெயரை எடுக்கும் மெத்தடும் அப்படியே. மின்னஞ்சல் முகவரியில் புள்ளி வைத்தாலும் தகப்பன்பெயர்() என்று எடிட்டர் காட்டும் திட்டங்கள் உண்டு, சிரிப்பாகத்தான் இருக்கும்.

வசதி இன்னும் விரிந்துகொண்டே போகிறது. 2025 நவம்பரில் வந்த சி ஷார்ப் 14இல் மெத்தட் மட்டுமின்றி பிராப்பர்ட்டியையும் (அடைப்புக்குறியின்றிப் படிக்கும் மதிப்பு) வெளியிலிருந்து சேர்க்கலாம். செயலி எழுதுகிறவருக்கு இது லாபம்தான், மோதினாலும் தன் நிரலில் தானே திருத்திக்கொள்வார். பிறர் பயன்படுத்தும் லைப்ரரி எழுதுகிறவர் வெளியே தெரியும்படி இப்படிச் சேர்ப்பது வேறு கணக்கு, மோதலை அவிழ்க்க வேண்டியவர் அவரில்லை. ஸ்விஃப்ட் 6 இதை நேரடியாகவே பிடிக்கிறது. பிறருடைய வகைக்குப் பிறருடைய புரோட்டோகாலை (ஸ்விஃப்ட்டின் இன்டர்ஃபேஸ்) நாம் பொருத்தினால், நாளை சொந்தக்காரரே பொருத்தக்கூடும் என்பதால் கம்பைலர் எச்சரிக்கிறது. தெரிந்தே செய்கிறேன் என்று 'ரெட்ரோஆக்டிவ்' என்ற குறியை அந்த வரியிலேயே எழுதிக்கொடுத்தால்தான் எச்சரிக்கை அடங்கும்.